போறணையில் பட்டால் ஆட்டமிழப்பு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு ஆறாவது பாணையும் அச்சிலிருந்து கவிழ்த்து, அதன் அடியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். வெறும் மரப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது. முந்தின நாள் இதே போறணையில் (பாண், அதாவது ரொட்டி சுடும் மண் அடுப்பு) சுட்ட பாணைத் தட்டியபோது ஈரச் சாக்கைத் தட்டியது போலிருந்தது. இடையில் மாவையும் மாற்றவில்லை, அச்சையும் மாற்றவில்லை. ஈஸ்டைக் குறைத்ததைத் தவிர, மாறியது நெருப்பு எரிந்த நேரம் மட்டும்தான். சூட்டோடு சூடாக எழுதிவைக்கிறேன். பின்வளவில் மண் போறணை கட்ட நினைக்கும் வேறு யாராவது, நான் வீணாக்கிய கல்லையும் விறகையும் மிச்சம் பிடிக்கட்டும்.

தம்பி குடும்பத்தோடு கனடாவிலிருந்து வருகிறான் என்றதும் தொடங்கிய வேலை இது. தம்பி, மச்சாள், அவர்களின் மூன்று பிள்ளைகள், தம்பியோடு படித்த இரண்டு நண்பர்களின் குடும்பங்கள், மாமா வீட்டார், நாங்கள் என்று தலையெண்ணினால் 23 பேர். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். முட்டை படலையைத் தாண்டி உள்ளே வராது. ஆகவே கேக், பணிஸ் எல்லாம் தீர்த்தம் முடிந்து வரும் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. என் மின்னடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான் வைக்கலாம். 23 பேருக்கு அதில் சுடுவதென்றால் வெள்ளிக்கிழமையே தொடங்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத 1990களில் அம்மா பெரிய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, கேக் தட்டை அதன்மேல் வைத்து மூடி, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போட்டுக் கேக் சுட்டவர். மேலேயும் கீழேயும் நெருப்பு, நடுவில் கேக். அதைப் பெரிதாகக் கட்டினால் போறணை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் பாதி பிழை. பாண் உள்ளே போகும்போது போறணையில் நெருப்பே இருக்கக் கூடாது என்பதைப் படிக்க எனக்கு இரண்டு மாதமும் 12,300 ரூபாயும் ஆனது.

முதல் முயற்சி யூலைத் தொடக்கத்தில். கிணறு ஆழமாக்கியபோது வந்த சுண்ணாம்புக்கற்கள் வேலியோரம் குவிந்து கிடந்தன. யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் கிடைப்பது அதுதானே, சும்மா கிடக்கிற கல்தானே என்று அதிலேயே நிலமும் சுவரும் கட்டினேன். தட்டையான கற்களாகத் தெரிந்தெடுத்து, சீமெந்துச் சாந்தில் பொருத்தி, மேலே பழைய இரும்புத் தகடு ஒன்றைப் போட்டேன். இரண்டு நாள் காயவிட்டு நெருப்பு மூட்டினேன். இருபது நிமிடத்தில் முதல் சத்தம். சீனவெடி கொளுத்தியது போல "படார்" என்றது. ஒரு கைப்பிடிச் செதில் தெறித்து வாழைக்குள் விழுந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் ஏழெட்டு வெடி. நாய் அன்றிரவு வீட்டுப் பக்கமே வரவில்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஓர் ஐயா இருக்கிறார். வெதுப்பகமொன்றில் நாற்பது வருடம் போறணை வேலை செய்து ஓய்ந்தவர். சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் கட்டுவது போறணையா, காளவாயா?"

சுண்ணாம்பு சுடுகிற காளவாயைத்தான் சொன்னார். கல்லுக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல்லைப் பிளக்கிறது. வெடிக்காமல் தப்புகிற கல்லும் கடும் சூட்டில் நாளடைவில் நீறிப்போகும் என்றார். கணிதம் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். நெருப்பு படுகிற இடத்தில் செங்கல், மற்ற இடத்தில் எந்தக் கல்லும் என்று அன்றே முடிவாயிற்று.

இரண்டாவது தடவை அளவுகளைக் கொப்பியில் எழுதிவைத்துத் தொடங்கினேன். மேடை 3 அடி உயரம், 4 அடிக்கு 4 அடி. அதற்கு அதே சுண்ணாம்புக்கல்தான். நெருப்பு அதுவரை இறங்காது. கூலிக்கு வந்தவர் ஒரே நாளில் கட்டி முடித்தார். உள்ளே கல்லும் மண்ணும் போட்டு இடித்து, மேலே 5 அங்குலம் வெற்றிடம் விட்டோம். அந்த வெற்றிடத்தில் வெறும் போத்தல்களைப் படுக்கவைத்து, தச்சுப் பட்டறையிலிருந்து இலவசமாகக் கொண்டுவந்த மரத்தூளைக் களிமண் கரைசலில் பிசைந்து இடைவெளிகளை நிரப்பினேன். சூடு கீழே இறங்காமல் இருப்பதற்கு இது. 22 போத்தல் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் ஏது அத்தனை போத்தல்? மாமா மறுநாளே ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து தந்தார். எங்கிருந்து என்று மாமி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்மேல் ஓர் அங்குலம் மணல். மணலில் சாந்தில்லாமல் செங்கல். இங்கே அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு கல்லையும் முன்னது மேல் உரசாமல் நேரே கீழே இறக்கி, இறப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரு கல் அரை நூல் உயர்ந்து நின்றாலும் பாண் தள்ளும் பலகை ஒவ்வொரு தடவையும் அதிலேயே இடிக்கும். என் நிலத்தில் இடதுபக்கம் அப்படி ஒரு கல் இருக்கிறது. கட்டும்போது "பரவாயில்லை" என்று விட்டது. 40 கல் வாங்கினேன், 36 முடிந்தது. மிஞ்சிய நாலு கல் பிறகு வேறு வேலைக்குப் போனது.

கூரைக்கு மண். எங்கள் செம்மண் தனியே பிடிக்காது, காய்ந்தால் உதிர்ந்துவிடும். புற்றுமண் நல்லது என்றார் ஐயா. வேலி மூலையில் இருந்த புற்றில் மண்வெட்டியை வைக்கப் போனபோது அம்மா வந்து குறுக்கே நின்றார். அந்தப் புற்றுக்கு வெள்ளிக்கிழமைகளில் பால் வைப்பவர் அவர். கடைசியில், உழவு இயந்திரம் ஏறி உடைந்த புற்றொன்றின் மண்ணைத் தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். நாலு வாளி புற்றுமண், எட்டு வாளி அரித்த மணல். பழைய தறப்பாளில் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, நானும் மகனும் ஒன்றரை மணி நேரம் காலால் மிதித்தோம். ஒரு தேங்காய் அளவு உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்க வேண்டும். தட்டையாகப் பரவினால் தண்ணீர் கூட, உடைந்து சிதறினால் தண்ணீரோ களியோ குறைவு. மூன்றாவது உருண்டை விழுந்த வடிவிலேயே கிடந்தது.

செங்கல் நிலத்தில் 27 அங்குல விட்டத்தில் வட்டம் கீறி, அதற்குள் ஈரமணலைக் குவித்து 16 அங்குல உயரத்தில் கவிழ்த்த கிடாரம் போல் வடித்தேன். மேலே நனைத்த பத்திரிகைத் தாள் இரண்டு அடுக்கு. பிறகு மணலைத் தோண்டி எடுக்கும்போது, தாள் தென்பட்டால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். தாளின் மேல் கையகலக் கட்டிகளாக மண்ணை வைத்து, கீழிருந்து சுற்றிச் சுற்றி 4 அங்குலக் கனத்தில் எழுப்பினேன். மணல் குவியலை நோக்கி அமத்தக் கூடாது, கீழே இருக்கும் மண்ணை நோக்கி அமத்த வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்கு முடிந்தது.

மறுநாள் தம்பி குடும்பம் வந்திறங்கியது. அதற்கு மறுநாள் காலை அவனுடைய நடுவிலான் அடித்த டெனிஸ் பந்து பச்சை மண்ணில் "சதக்" என்று போய் ஒட்டிக்கொண்டது. பந்தைப் பிடுங்கினால் குழி. குழிக்குள் பந்தின் மயிர்கூட அச்சுப்போல் பதிந்திருந்தது. பிள்ளை அழுகிற நிலை. மண் வைத்து நிரப்பலாம்தான். ஆனால் பச்சை மண்ணும் பாதி காய்ந்த மண்ணும் ஒட்டாது, பிறகு கழன்று விழும் என்று அப்படியே விட்டேன். அரை அங்குல ஆழம். 4 அங்குலச் சுவருக்கு அது ஒன்றுமில்லை.

அன்றே சட்டம் போடப்பட்டது. போறணையில் பட்டால் ஆட்டமிழப்பு. கிணற்றுக்குள் போனாலும் ஆட்டமிழப்பு, அடித்தவரே வாளி விட்டு எடுக்க வேண்டும். மதிலுக்கு வெளியே போனால் ஐயா வீட்டில் மன்னிப்புக் கேட்டுப் பந்தை வாங்கி வர வேண்டும்; ஓட்டம் இல்லை. 22 யார் நீளத்துக்கு வளவில் இடமில்லை, 15 யார்தான். ஒரு முனையில் மூன்று பூவரசங்கம்பு, மறுமுனையில் மிஞ்சிய நாலு செங்கல். நடுவர்கள் அப்பாவும் மாமாவும். அப்பா மத்திய கல்லூரியில் படித்தவர், மாமா பரியோவான் கல்லூரியில். இரண்டு கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமர் என்ற கிரிக்கெட் போட்டிக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் ஒன்றாகப் போய், தனித்தனியே வீடு திரும்புகிறவர்கள். ஒரு தீர்ப்பில்கூட இருவரும் ஒத்துப்போனதில்லை.

வாய் வெட்டியதில்தான் பெரிய பிழை விட்டேன். நாலாம் நாள் மணலைத் தோண்டுவதற்காக வாய் அறுக்க வேண்டும். கேக் தட்டு தாராளமாகப் போகட்டும் என்று 13 அங்குல உயரத்தில் அறுத்துவிட்டேன். தட்டுக்குத் தேவை அகலம், உயரமல்ல. ஐயா வந்து ஈர்க்கால் அளந்து பார்த்தார். உள்ளே 16 என்றால் வாய் 10க்கு மேல் போகக் கூடாது. நூற்றுக்கு 63 என்பது கணக்கு. அதைவிட உயர்ந்தால் சூடு கூரையில் தங்காமல் வாயால் கொட்டும். கீழே விட்டால் புகை வெளியேற முடியாமல் நெருப்பு மூச்சுத் திணறும். செங்கல் துண்டும் மண்ணும் வைத்து வளைவு கட்டி 10க்குக் குறைத்தேன். அந்த ஒட்டில் இப்போதும் ஒரு மயிர்வெடிப்பு இருக்கிறது.

இன்னொன்று, வாயைத் தென்மேற்குப் பக்கம் வைத்தது. குசினியிலிருந்து நேரே வரலாம் என்று யோசித்தேனே தவிர, ஆடி ஆவணியில் சோளகக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்யும் வேலையா இது? மூட்டியதும் காற்று நேரே உள்ளே புகுந்து, சாம்பலை வாரிக்கொண்டு வெளியே வந்தது. வடகிழக்குக்குத் திருப்பியிருந்தாலும் மார்கழியில் வாடை மழையை உள்ளே அடிக்கும். வடமேற்குத்தான் சரி. இப்போதைக்கு ஒரு பழைய தகரத்தை மறைப்பாக நட்டிருக்கிறேன், 600 ரூபாய்.

பாணை உள்ளே தள்ளவும் இழுக்கவும் நீண்ட பலகை வேண்டும். கடையில் கேட்டால் வெதுப்பகத்துக்கு விற்கும் பெரிய அளவுதான் இருந்தது. மகனின் பழைய கிரிக்கெட் துடுப்பு ஒன்று விளிம்பு பிளந்து மூலையில் கிடந்தது. விதிப்படி துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டாது. என் பாண் அச்சு 4 அங்குலம். அளந்தே செய்தது போலப் பொருந்தியது. முதுகில் திரண்டிருந்த பகுதியைச் சீவுளியால் இழைத்து, நுனியை நன்றாக மெல்லிதாக்கினேன். சீவல் சுருள் சுருளாக விழுந்தபோது மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முதல் அரைச்சதம் அடித்தது அதில்தானாம். பிடியை அறுத்து, 4 அடிக் கமுகஞ் சலாகையை இரண்டு ஆணியால் பொருத்தினேன். கேக் தட்டுக்கு அகலம் போதாது; அதைச் சாக்கு சுற்றிய கையால்தான் வைத்தேன். அடைக்கும் கதவு 2 அங்குல வேப்பம் பலகை. முதல் நாளிரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கரியும்.

சனிக்கிழமை.

காலையிலேயே வளவு நிரம்பிவிட்டது. தம்பியின் நண்பர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். ஆறு பேர் கொண்ட மூன்று அணி. மச்சாளும் நானும் 3 கிலோ கோதுமை மாவுக்கு 1.8 லீற்றர் தண்ணீர், 60 கிராம் உப்பு, 30 கிராம் ஈஸ்ட் என்று குழைத்தோம். அந்த வெக்கைக்கு ஈஸ்ட் இரண்டு மடங்கு. நாற்பது நிமிடத்தில் மா சட்டியைத் தாண்டி வழிந்தது. மா பொங்கிவிட்டது, போறணை தயாரில்லை. அதுவரை சின்னச் சின்ன நெருப்புத்தான் போட்டுக் காயவைத்திருந்தேன். வெளிப்புறம் வெளுத்திருந்ததால் காய்ந்துவிட்டது என்று நம்பினேன். ஒன்றேகால் மணி நேரம் எரித்துத் தணலை இழுத்து, உடனே ஆறு அச்சையும் தள்ளி அடைத்தேன். அதற்குள் இறுதியாட்டம் தொடங்கிவிட்டது. எனக்கும் ஒரு ஓவர் போட வேண்டியிருந்தது.

பத்து நிமிடத்தில் போறணையின் வெளிச்சுவரில் வேர்வை போலத் துளி துளியாக ஈரம். உள்ளே இருந்த சூடெல்லாம் சுவரிலிருந்த தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால் மேலே கறுப்பு, நடுவே களி, அடி வெள்ளை. போதாததற்கு இறப்பர் எரிந்த நாற்றம். நண்பரொருவர் மரியாதைக்காக ஒரு துண்டைத் தின்றார். மிச்சம் கோழிகளுக்குப் போனது. அன்றைய தேநீருக்கு, பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்கு வந்த பாண் ஆட்டோவை மறித்தோம். நான் ஒளிந்துகொண்டு மகனை அனுப்பினேன்.

இரவு போறணையைச் சும்மா விடவில்லை. எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை சிறு நெருப்பு, பிறகு ஊமல் (பனங்கொட்டைக் கோது) தணலை உள்ளேயே விட்டுப் பாதி மூடிவைத்தேன். ஊமல் சிரட்டையைப் போல் பற்றி எரிந்து அடங்காது. மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். காலையில் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பு, ஈரமில்லை. சாம்பலை இழுத்தபோது உருகிய கறுப்புக் கட்டியொன்று வந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் எட்டாவது ஓவரில் காணாமல்போன பந்து. தணல் இழுத்துவிட்டு நான் அச்சுகளை எடுக்கக் குசினிக்குப் போன நேரம் உள்ளே போயிருக்கிறது. போறணையில் பட்டால் ஆட்டமிழப்பு, உள்ளே போனால்? சட்டத்தில் இல்லை. அப்பா ஆறு ஓட்டம் என்றார், மாமா ஆட்டமிழப்பு என்றார்.

ஞாயிறு பதினொன்றே கால் மணிக்கு மூட்டினேன். முதலில் பனைமட்டை, பிறகு பூவரசங்கட்டை, கடைசி அரை மணி நேரம் சிரட்டை. ஒரு மணிக்கு உட்கூரை கரியாகக் கறுத்திருந்தது. இரண்டேகாலுக்கு உச்சியில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கியது. கரி எரிந்து கூரை வெளுப்பதுதான் அடையாளம். "இப்போது தான் போறணை சாப்பிட்டு முடித்திருக்கிறது" என்றார் ஐயா. அரை மணி நேரம் கழித்துத் தணலை இழுத்து, கம்பில் கட்டிய ஈரச்சாக்கால் நிலத்தைத் துடைத்து, கதவை அடைத்தேன். மூன்று இருபதுக்கு ஐயா திறந்து ஒரு கிள்ளு மா தூவினார். ஐந்து எண்ணுவதற்குள் கருகியது. கதவை ஓர் ஈர்க்கு அகலத்துக்குத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். மூன்றே முக்காலுக்குத் தூவிய மா இருபது எண்ணும்வரை நின்று பொன்னிறமானது. என் வெப்பமானி 240 பாகை காட்டியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஈஸ்டை 15 கிராமாகக் குறைத்திருந்தேன். ஆறு அச்சு, 45 நிமிடம். அதன்பின் மிச்சம் நாலு. ஐந்தே முக்காலுக்குச் சூடு 175க்கு இறங்கியதும் இரண்டு தட்டு பட்டர் கேக்: பட்டர், சீனி, மா மூன்றும் 500 கிராம் வீதம், முட்டை பத்து. ஒரு மணி நேரம் பிடித்தது. பின்பக்கச் சூடு கூட என்பதால் பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருப்பினேன், மற்றதை மறந்தேன். மறந்த கேக்கின் ஓரம் கொஞ்சம் கறுத்தது. பிள்ளைகள் அந்த ஓரத்தைத்தான் முதலில் பிய்த்தார்கள். இரவு மீதிச் சூட்டில் 2 கிலோ பச்சைக் கச்சானை (நிலக்கடலை) தட்டில் பரப்பி அடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தோல் ஊதினால் பறந்தது.

கணக்கு: செங்கல் 1,400, மணல் 10 சாக்கு 2,500, சீமெந்து ஒரு மூட்டை 2,100, மேடை கட்டக் கூலி 3,500, வெப்பமானி 2,200, தகரம் 600. ஐயாவுக்கு ஒரு கேக்கில் பாதி. வெப்பமானியை அடுத்த முறை வாங்கமாட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் மா எண்ணும் கை எனக்கு இன்னும் வரவில்லை.

இனிச் செய்ய வேண்டியது வெளிப்பூச்சு. மரத்தூளும் களியும் பிசைந்து 2 அங்குலம் சுற்றிலும் அப்ப வேண்டும். ஞாயிறன்று கேக் வெந்துகொண்டிருக்கையில் வெளிச்சுவரில் கை வைக்க முடியவில்லை; அவ்வளவு சூடும் காற்றுக்குப் போனது. பந்து விழுந்த குழி அதோடு மூடப்படும் என்றதும், நடுவிலான் கனடாவிலிருந்து தொலைபேசியில் மறுத்துவிட்டான். குழியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுப் பூசுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் கூரை. ஐப்பசி மழை ஒரு கிழமை அடித்தால் மண் கரைந்துவிடும். நாலு கமுகந்தடி வீட்டிலேயே நிற்கிறது, எட்டடித் தகரம் மூன்று வாங்க வேண்டும். வருகிற சனிக்கிழமை மாமா லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கொண்டுவருகிறார்.